காற்றை மறைத்தவர் தூற்றித் தர வேண்டும்

எங்கள் சிங்கப்பூர் அலுவலகத்தில் தமிழ் தெரிந்த வக்கீல் நான் ஒருத்திதான். ஜவ்வாது மலைக்குப் போகிற வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் அதுதான். "திறமையைப் பார்த்து அனுப்புகிறார்கள்" என்று அம்மா சிராங்கூன் சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் மறுக்கவில்லை.

ஐரோப்பாவில் காற்றாலை இயந்திரம் செய்கிற கம்பெனி ஒன்று எங்கள் கட்சிக்காரர். மெட்ராஸ் கம்பெனி ஒன்று அவர்களிடம் இயந்திரம் வாங்கி, ஜவ்வாது மலையில் ஒரு பாறை உச்சியில் நிறுத்த நினைத்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. காற்றில் கரண்ட் எடுக்கலாம் என்று சொன்னால் ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த காலம். இயந்திரக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். அந்த இடத்தின் மேல் வேறு யாருக்கும் எந்த உரிமையும் இல்லை என்று எங்கள் அலுவலக வக்கீல் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் கப்பலில் ஏற்றுவார்கள். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் நான் கடல் தாண்டினேன். பெட்டியில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த குத்தகை ஒப்பந்த நகலும், அம்மா திணித்த தைலக் குப்பியும் இருந்தன.

வாணியம்பாடியில் என்னை அழைத்துப் போக வந்தவர் கரீம் பாய். முன்பு தோல் வியாபாரம் செய்தவர். இப்போது ஜீப் வாடகைக்கு விடுகிறார். மெட்ராஸ் கம்பெனிக்கு இந்தப் பக்கத்துக் கண்ணும் காதும் அவர்தான். மருதாணி இட்டுச் சிவந்த தாடி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கிளம்பலாமா என்றேன்.

"அரே, சாப்டாம மலை ஏறுவாங்களாம்மா? வூட்ல பிரியாணி ஆயிட்டு கீது. மொதல்ல சாப்புடு, அப்பறம் காத்து."

எங்கள் ஊர் பிரியாணியில் மசாலாதான் முதலில் வந்து கைகுலுக்கும். பாய் வீட்டில் சீரகச் சம்பா அரிசியே மணத்தது. தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயைப் புளியில் வதக்கி வைத்திருந்தார்கள். பாயின் மனைவி கதவோரம் நின்றபடி உருதுவில் ஏதோ சொன்னார். "இவ்ளோ ஒல்லியா இருந்தா மலைக்காத்து தூக்கிக்கினு போய்டும்ங்கறா" என்று பாய் மொழிபெயர்த்தார். பயந்துபோய் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

மலைப் பாதையில் பாதி தூரம் ஏறியதும் ஜீப் பெருமூச்சு விட்டு நின்றது. ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. பின்னால் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்க இடமில்லை. கண்டக்டர் இறங்கி வந்து ஜீப்பைத் திட்டினார்; ஜீப் பதில் சொல்லாததால் பாயைத் திட்டினார். அதற்குள் பயணிகள் தாங்களாகவே இறங்கி எங்களை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் என்றால் போலீஸுக்குப் போன் செய்துவிட்டு, வரிசையில் நின்று காத்திருப்போம்.

பஸ்ஸில் திரும்ப ஏறும்போது புளிக்கூடை வைத்திருந்த இரண்டு பெண்கள் பேசியது காதில் விழுந்தது.

"யாருடி அந்தப் பொண்ணு?"

"சிங்கப்பூராம். காத்து வாங்க வந்துக்குதாம்."

"அதுக்கு இன்னாத்துக்கு ஜீப்பு? ஜன்னல் சீட்டு புடிச்சா போதாதா?"

பொழுது சாயும் நேரத்தில் காவலூர் போய்ச் சேர்ந்தோம். டீக்கடையில் ஒரே ஒரு பல்பு. அதற்கு மேல் டால்டா டப்பாவை வெட்டித் தொப்பி போல மாட்டியிருந்தார்கள். பல்புக்கு எதற்குத் தொப்பி என்று கேட்டேன்.

"வெளிச்சம் மேல போவக் கூடாதுங்க. அங்க நட்சத்திரம் பாக்கறாங்க இல்ல," என்று கடைக்காரர் மரங்களுக்கு மேலே தெரிந்த வெள்ளைக் குவிமாடத்தைக் காட்டினார். வானத்தைப் பார்க்கும் அந்தப் பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். நான் வந்த காரியம் தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க கம்பத்து உச்சியில சிவப்பு விளக்கு வெப்பீங்களா?" என்பதுதான். எனக்குத் தெரியாது என்றேன். "வெச்சா கொஞ்சம் கீழ்ப்பக்கம் மறைச்சு வெக்க முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க மேடம். எங்களுக்கு இருட்டுதான் மூலதனம்."

இருட்டுக்குப் பட்டா கிடையாது. ஆனாலும் அதன் மேல் ஒருவருக்குப் பாத்தியதை இருக்கிறது. டீக்கடைக்காரர் டால்டா டப்பாவை வெட்டி அதை மதிக்கிறார். சட்டக் கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் ஜமுனாமரத்தூர். சந்தை நாள். தேனும் கடுக்காயும் சாமை மூட்டையும் பலாப்பழமும் பாதையை அடைத்துக் கிடந்தன. அவற்றைத் தாண்டிப் போய், நிலக் கணக்கு வைத்திருக்கும் கிராம அதிகாரியைப் பார்த்தோம். அந்தப் பாறை கணக்கில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டேன். அவர் விரலை ஓட்டி வாசித்தார்: "கல்லாங்குத்து புறம்போக்கு."

"அப்படியென்றால்?"

"வெறும் பாறைங்க. யாருக்கும் சொந்தமில்ல. சர்க்கார் நெலம். மலைக்காரங்க பட்டா நெலம்னா கலெக்டர் அனுமதி, அது இதுன்னு ஆயிரம் தொல்லை. இதுக்கு ஒண்ணும் கெடையாது. சர்க்கார் குத்தகை குடுத்தா வேலை முடிஞ்சுது."

பாய் முகம் மலர்ந்தது. "அப்ப கையெழுத்துப் போட்டுட்டுப் போய்டலாம் இல்லம்மா? ராத்திரிக்கு வூட்ல பாயா."

ஆட்டுக்கால் பாயா என்னை அசைத்தது உண்மை. ஆனால் 'நேரில் பார்த்து' என்று நிபந்தனையில் எழுதியிருந்தது. எழுதியதை எழுதியபடி செய்கிற ஊரில் வளர்ந்தவள் நான். பாறையைப் பார்க்காமல் போக மாட்டேன் என்றேன். பாய் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மூன்றாம் நாள் காலை ஜீப் அந்தப் பாறையின் மேலேயே ஏறிவிட்டது. யானை முதுகு போல அகலமான பாறை. அடிவாரத்தில் இலை அசையவில்லை. மேலே வந்தால் முந்தானை நிற்கவில்லை. இயந்திரக்காரர்கள் இந்த இடத்துக்கு ஏன் ஆசைப்பட்டார்கள் என்று உடனே புரிந்தது.

ஆனால் வெறும் பாறை என்று யார் சொன்னது? மார்கழி மாதம், சாமை அறுவடை முடிந்த சமயம். மேற்கு ஓரமெல்லாம் கதிர்ப் போர்கள். நடுவில் அடித்த தானியம் குவியல் குவியலாகக் கிடந்தது. பெண்கள் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிச் சரித்துக்கொண்டிருந்தார்கள். தானியம் காலடியில் விழ, பதர் காற்றோடு போனது. கல்லாங்குத்து என்று எழுதிய அதிகாரி ஆடி மாதத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார் போலிருக்கிறது.

வெயில் சுள்ளென்று அடித்தது. பாய் என் மேல் வைத்த அன்பினால் ஜீப்பைப் பாறையின் வடகிழக்கு விளிம்பில் குறுக்காக நிறுத்தி, தார்ப்பாயை அவிழ்த்து ஜீப்புக்கும் ஒரு மரத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டினார். "உக்காரும்மா" என்றார். நான் உட்கார்ந்து ஒப்பந்த நகலைப் பிரித்தேன்.

சிறிது நேரத்தில் எங்களுக்கு நேர் எதிரே தூற்றிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. பதர் பறக்காமல் தானியத்தோடு சேர்ந்து அவள் காலடியிலேயே விழுந்தது. முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தாள். பெயர் வெள்ளச்சி என்று பிறகு தெரிந்தது. நாற்பது வயது இருக்கும். கோபத்திலும் நிதானமான நடை.

"யாருது இந்தத் துணி? என் காத்து எங்க போச்சு?"

பாய் பதறி எழுந்து தார்ப்பாயை அவிழ்த்தார். "தெரியாம கட்டிட்டோம்மா. வெளியூரு. உட்டுடு."

"தெரிஞ்சு மறைச்சா ஒண்ணு, தெரியாம மறைச்சா ஒண்ணா? பதருக்கு அது தெரியுமா?" முறத்தை என்னிடம் நீட்டினாள். "காத்தை மறைச்சவங்க தூத்திக் குடுக்கணும். இங்க அதான் பழக்கம். எறங்கு."

அபராதத்துக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்தவள் நான். குப்பை போட்டால் அபராதம், எச்சில் துப்பினால் அபராதம். ஆனால் கையில் முறத்தைக் கொடுக்கிற அபராதத்தை அன்றுதான் பார்த்தேன். சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்று முதல் வருடம் படித்தது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டு இறங்கினேன். பாயும் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

முதல் முறம் முழுவதும் என் தலையில்தான் விழுந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பு காவலூர் வரை கேட்டிருக்கும். "காத்துக்கு முதுகைக் குடு யம்மா" என்று ஒருத்தி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று தமிழ் வகுப்பில் நூறு முறை எழுதியிருக்கிறேன். அதற்கு இவ்வளவு தோள்வலி உண்டு என்று ஆசிரியை சொல்லவில்லை.

வெள்ளச்சியின் குவியல் முடிந்ததும் கோபமும் முடிந்தது. எங்களுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. பிரியாணி தின்ற வாய்க்கு அது எடுபடுமா என்று நினைத்தேன். தூற்றிவிட்டுத் தின்றால் எதுவும் எடுபடும். அதுவோ உண்மையிலேயே நன்றாகவும் இருந்தது.

ஊர்க் கவுண்டர் சடையன் வந்து உட்கார்ந்தார். ஊர் விவகாரங்களில் கடைசி வார்த்தை அவருடையது. காற்று விஷயத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் விளக்கியது எளிமையாக இருந்தது. களத்தில் முதலில் போர் போட்ட வீட்டுக்கு முதல் காற்று. அடுத்தவர் பின்னால். ஒருவர் காற்றுக்கு முன்னால் இன்னொருவர் போரோ, வண்டியோ, மாடோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் தூற்றிக் கொடுக்க வேண்டும். வழக்கு, பேச்சு ஒன்றும் கிடையாது.

என் மடியில் இருந்த ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவும் இதையேதான் சொன்னது. இயந்திரத்துக்கு வரும் காற்றை மறைக்கிற கட்டடம், மரம், குவியல், வாகனம் எதுவும் அங்கே இருக்கக் கூடாது என்று உட்பிரிவு உட்பிரிவாக இரண்டு பக்கம். ஐரோப்பாவில் பெரிய வக்கீல்கள் உட்கார்ந்து புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்த சட்டம், இந்தப் பாறையில் ஒரே வாக்கியத்தில் நடைமுறையில் இருந்தது. எனக்கு மார்பு விம்மியது. என் மொழியில், என் ஜனங்கள் எழுதாமல் எழுதிய சட்டம் என்று உரக்கக் கத்த வேண்டும் போலிருந்தது.

அடுத்த வினாடி இன்னொன்று உறைத்தது. எங்கள் ஒன்பதாம் பிரிவு இயந்திரத்தின் காற்றை மட்டும்தான் காப்பாற்றியது. அதன்படி மேற்கு ஓரத்தில் நின்ற சாமைப் போர்கள் அத்தனையும் சட்டவிரோதக் குவியல்கள். நான் கையெழுத்துப் போட்டால் அடுத்த மார்கழியில் வெள்ளச்சிக்குக் களம் கிடையாது.

ஒப்பந்தத்தை அப்படியே தமிழில் அவர்களுக்குச் சொன்னேன். வெள்ளச்சி கேட்டாள்: "அந்த மிசினு காத்தைத் தின்னுட்டு எங்களுக்கு மிச்சம் உடுமா?"

எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் ஜமுனாமரத்தூர் தபாலாபீஸிலிருந்து மெட்ராஸுக்கு டிரங்கால் போட்டேன். எங்கள் ஊரில் வக்கீல் தொழில் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுக்கிற தொழில். இங்கே லைன் கிடைத்ததே பெரிய காரியம், கத்தினால்தான் கேட்கும். மெட்ராஸ் கம்பெனியின் இன்ஜினீயர் முதலில் பேசினார். ஆமாம், இயந்திரத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரம் காற்று தளர்ந்துதான் இருக்கும் என்றார். அப்புறம் மேனேஜர் வாங்கிப் பேசினார்.

"புறம்போக்கு நிலத்துக்கு ஊர்க்காரங்க சம்மதம் எதுக்கும்மா? கணக்குல யார் பேரும் இல்லையே!"

"கணக்கில் இல்லை சார். பாறையில் இருக்கிறார்கள்!" என்று நான் கத்தினேன். "காற்றின் மேல் அவர்களுக்குப் பாத்தியதை இருக்கிறது! அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இல்லை என்று கையெழுத்துப் போட மாட்டேன்! ஊரையும் ஒப்பந்தத்தில் சேர்த்தால்தான் இயந்திரம் கப்பல் ஏறும்!"

லைன் கரகரத்தது. கடைசியில், "எழுதிக்கிட்டு வாங்க, பாப்போம்" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தபாலாபீஸில் ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணியார்டர் படிவத்தைக் கையில் வைத்திருந்த ஒருவர், "உட்டுக் குடுக்காதம்மா" என்றார். நான் வெள்ளச்சியின் ஊருக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

இயந்திரத்துக்குப் பின்னால் காற்று தளரும் என்பதைக் கவுண்டரிடம் சொன்னேன். அவர் பாறையின் மேற்கு ஓரத்துக்கு நடந்து போனார். "அப்ப இங்க நிறுத்தச் சொல்லு. மார்கழியில வாடைக்காத்து. மொதல்ல எங்க களம், அப்பறம்தான் மிசினு. ஆடியில மேல்காத்து. மொதல்ல மிசினு, அப்ப நாங்க யாரும் களத்துல இல்ல, கொல்லையில கீறோம். போரை எல்லாம் நாங்க தெக்கால தள்ளிக்கிறோம், களத்து ஓரமா, காத்துக்குக் குறுக்க வராம."

ஊர்க் கூட்டத்தில் விவாதம் நீண்டது. சிலருக்கு இயந்திரமே வேண்டாம். சிலருக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பல்பு எரிய வேண்டும். பல்புக்கு நான் உறுதி தர முடியாது, மின்சாரம் அரசு மின்வாரியத்துக்குப் போகிறது, கேட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். பொய் சொல்லாததால் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். ஒன்பதாம் பிரிவை அங்கேயே உட்கார்ந்து தமிழில் எழுதினேன்: இயந்திரத்தின் காற்றை ஊர் மறைக்கக் கூடாது, ஊரின் காற்றை இயந்திரத்தைச் சேர்ந்தவர்கள் யாரும் மறைக்கக் கூடாது, மறைத்தவர் தூற்றித் தர வேண்டும்.

இரண்டு பக்கத்தை மூன்று வரியாக்கியது என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கையெழுத்து நாளன்று மேனேஜர் மெட்ராஸிலிருந்து வந்தார். சஃபாரி சூட், கறுப்புக் கண்ணாடி, நல்ல மனிதர். காற்றாலை என்றால் சிரித்த காலத்தில் அதில் துணிந்து இறங்கியவர் என்பதால் அவர் மேல் எனக்கு மரியாதைதான். ஒன்பதாம் பிரிவைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "தூற்றித் தரணுமா! இதை ஐரோப்பாவுக்கு எப்படி அனுப்புவீங்க?" என்றார். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்புவேன் என்றேன். களிப்போடு கையெழுத்துப் போட்டார். கவுண்டர் ஊருக்காக நிதானமாகப் போட்டார். கரீம் பாய் சாட்சிக் கையெழுத்தை உருதுவில் போட்டு, ஊதிக் காயவைத்தார்.

விழாவுக்காக மேனேஜரின் ஆட்கள் காலையிலேயே வேனில் வந்து பாறை மேல் ஷாமியானா போட்டிருந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய பந்தல். வெயில் படாமலிருக்க மூன்று பக்கமும் கனத்த துணி. நாற்காலிகள், சோடா, ரோஜா மாலை. எல்லாரும் கை தட்டினோம்.

தட்டி முடித்த பிறகுதான் வெளியே இருந்த அமைதி எனக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். களத்தில் யாரும் தூற்றவில்லை. பெண்கள் குவியல்களுக்குப் பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஷாமியானா பாறையின் வடகிழக்கு விளிம்பில், வாடைக்காற்றுக்கு நேர் குறுக்கே நின்றது.

வெள்ளச்சி எழுந்து வந்தாள். அன்று அவள் முகத்தில் கோபமே இல்லை. விருந்துக்கு அழைக்கிறவள் மாதிரி வந்தாள். மேனேஜர் முன்னால் முறத்தை வைத்தாள்.

"என்ன இது?" என்றார் மேனேஜர்.

"ஒம்பதாம் பிரிவு, சார்," என்றார் கரீம் பாய்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவர் கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ஒரு நிமிடம் அவர் கோபப்படுவாரோ என்று பயமாகத்தான் இருந்தது. ஊர் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். ரோஜா மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "பந்தலைப் பிரிங்கடா" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு முறத்தை எடுத்தார்.

துணி இறங்கியதும் காற்று குபீரென்று உள்ளே வந்தது. மேனேஜரின் முதல் முறம் சஃபாரி சூட்டிலேயே விழுந்தது. "காத்துக்கு முதுகைக் குடுங்க சார்!" என்று எல்லாருக்கும் முன்னால் கத்தியது நான்தான்.

எத்தனையோ ஒப்பந்தங்கள் எழுதியிருக்கிறேன். கையெழுத்தின் ஈரம் காயுமுன் அமலுக்கு வந்தது அந்த ஒன்றுதான். அந்தப் பெருமையில் நான் சிரித்துக்கொண்டு நிற்கும்போது வெள்ளச்சி இன்னொரு முறத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"நீயும் அந்த நெழல்ல தான உக்காந்திருந்த?"

வாங்கிக்கொண்டு களத்தில் இறங்கினேன்.